காது குத்திய இடத்தில் ஒரு துளி

என் மகள் பிறந்தபோது அவள் நுரையீரல் சரியாக வேலை செய்யவில்லை. ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் இயந்திரத்தில் வாரக்கணக்கில் கிடந்தாள். குழாய்க்குள் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க மருந்து ஓடிக்கொண்டே இருந்தது. அந்த மருந்து அவள் உடம்பிலும்தானே ஓடும்? சின்னக் கீறல் விழுந்தாலும் ரத்தம் லேசில் நிற்காது.

அதனால் அவளுக்குப் புதிதாக ஊசியே குத்தவில்லை. சோதனைக்கு வேண்டிய ரத்தத்தைக் குழாயிலிருந்தே எடுத்தார்கள். தினமும் உச்சிக்குழியில் ஸ்கேன் கருவியை வைத்து, மூளைக்குள் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார்கள். எனக்கு அழுகையைவிடக் கேள்விகள்தான் அதிகம் வந்தன. அங்கிருந்த தமிழ் நர்ஸை நான் விடவில்லை.

"மருந்தக் குறைச்சிட்டா என்ன?"

"குறைச்சா குழாய் அடைச்சுக்கும். கூட்டினா பாப்பாவுக்கு ரத்தம் கசியும். அதான் டெஸ்ட் பண்ணிப் பண்ணி மாத்துறோம்லா."

"சரியான அளவு முன்னாடியே தெரியாதா?"

"ஒவ்வொரு பாப்பாவுக்கும் வேற மாதிரிங்க."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவே இல்லை.

அவளுக்கு ஒரு வயதானதும் சிராங்கூன் சாலை நகைக்கடையில் காது குத்தினோம். தாய்மாமனான என் அண்ணன் மடியில் உட்கார்ந்து கடையே அதிரக் கத்தினாள். ஆசாரி பஞ்சை எடுத்தார்.

"துடைக்காதீங்க, கொஞ்சம் இருங்க," என்றேன்.

"புள்ள அழுவுது, நீ என்னத்தப் பார்த்துக்கிட்டு நிக்கிற?" என்று அண்ணன் எரிந்து விழுந்தார்.

குத்திய இடத்தில் ஒரு துளி திரண்டு நின்றது. அடுத்த துளிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.