திருடன் யாருங்க?

சூடேறிய வீடியோ டெக்கின் பிளாஸ்டிக் வாசம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. அவிநாசியில், கோடை விடுமுறைக்குப் போயிருந்த தாத்தா வீட்டில், ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வந்த அந்த 'டெக்'கின் முன்னால், பத்து வயதுக்காரியான நானும் சித்தியும் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தோம். காணாமல் போன வைர மாலையைத் தேடி வந்த இரண்டு துப்பறிவாளர்கள், தங்கள் செருப்புத் தடத்தையே பிடித்துக்கொண்டு தோட்டத்தை மூன்று சுற்றுச் சுற்றி, ஒருவரையொருவர் கைது செய்துகொள்கிற படம். திருடன் டாக்டர்தான் என்று நான் சாதித்தேன். சமையற்காரன் என்றாள் சித்தி.

"திருடன்..." என்று மூத்த துப்பறிவாளர் விரலை நீட்டிய நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. மறுநாள் சித்தியைப் பெண் பார்க்க வரவேண்டிய மதுக்கரைக்காரர்கள், இன்றைக்கும் நாள் நன்றாகத்தான் இருக்கிறது என்று கிளம்பி வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் வானமே இடிந்து விழுந்தாலும், வீட்டுக்கு வந்தவர்களை எழுந்து நின்று 'வாங்க' என்று கேட்டாக வேண்டும். அம்மா டிவியை அணைத்தாள். அவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் கடைக்காரர் வந்து டெக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சிரிக்கத் தெரியாதவனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று இரண்டு வரன்களைத் தட்டிக்கழித்தவள் சித்தி. இதுவும் போய்விடுமோ என்று வீடே பதறிக்கொண்டிருக்க, மாப்பிள்ளையிடம் பேசச் சொன்னதும், அவள் மேசைமேல் கிடந்த கேசட் அட்டையைக் காட்டி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இந்தப் படம் பாத்திருக்கறீங்களா? திருடன் யாருங்க?"

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "பாத்திருக்கறனுங்க. கல்யாணம் முடிஞ்சதும் சொல்றனுங்க."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சித்தி உள்ளே ஓடிவந்தாள். கல்யாணம் முடிவாயிற்று. சித்தப்பாவும் சொன்ன சொல் தவறவில்லை. தீபாவளிக்குக் கேட்டால் தோட்டக்காரன் என்பார், பொங்கலுக்குக் கேட்டால் டிரைவர் என்பார்.

டெக்கும் போயிற்று, வாடகைக் கடைகளும் போயின. முன்கூட்டிச் சொல்லாமல் வந்து இறங்குகிற உறவுக்காரர்களும் இப்போது இல்லை. சென்ற மாதம் சித்தியும் சித்தப்பாவும் சரவணம்பட்டியில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, இணையத்தில் தேடிப் பிடித்து அதே படத்தைப் போட்டேன். துப்பறிவாளர் விரலை நீட்டினார். சித்தப்பா சோபாவின் நுனிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு கண்ணு?"

இத்தனை வருடப் பொய் கையும் களவுமாக மாட்டிக்கொண்டது. நான் திகைத்துப்போய்ச் சித்தியைப் பார்த்தேன்.

"இவரு படத்தைப் பாக்கவே இல்லைன்னு தாலி கட்டுன வாரமே எனக்குத் தெரியும் அம்மணி," என்றபடி அவள் ரிமோட்டை வாங்கி டிவியை அணைத்தாள். "இருக்கட்டும். தீபாவளிக்கு யாரைச் சொல்றாருன்னு பாப்போம்."