இரண்டு கையெழுத்துக் கணக்கு

குப்புசாமி கெடு வைத்தது ஒரு திங்கட்கிழமை காலையில். வெள்ளிக்கிழமைக்குள் பத்திரம் பதிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மனையைப் பாண்டிச்சேரிக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். ஆரோக்கியசெல்வி அப்போது மரக்காணம் உப்பளத்தில் நின்றுகொண்டிருந்தாள். நவம்பர் கடைசியில் அடித்த புயல் பாத்திகளையெல்லாம் குளமாக்கிவிட்டுப் போயிருந்தது. தண்ணீரை வடித்து, சேற்றை மிதித்துக் கெட்டிப்படுத்தி, மறுபடியும் உப்பு விளைய வைக்கும் வேலை பிப்ரவரியிலும் முடிந்தபாடில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு மிதிக்கப் போனாள். கால் மிதித்தது, மனம் நாட்களை எண்ணியது.

பணம் இல்லாமல் இல்லை. தபால் ஆபீசில் மாதாமாதம் கட்டிவந்த ஐந்து வருஷச் சேமிப்பு அந்த வாரம்தான் முதிர்ந்திருந்தது. ஆனால் அதை எடுக்க இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தி அவள். இன்னொருத்தி அவளுடைய தங்கை லிடியா. அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டு இரண்டு வருஷமாகப் போகிறது.

அந்தக் கணக்கை அப்படித் திறந்ததற்குக் காரணம் இருந்தது. ஆரோக்கியசெல்வியின் புருஷன் இராயப்பன் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்து அப்போதே நாலு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. லிடியாவுக்கு ஒரு மகள், தமிழ்நிலா. புருஷன் இருந்தான், ஆனால் வீட்டில் இருக்கிற காசெல்லாம் அவன் குடிக்குத்தான். பிறகு ஒருநாள் வேறொருத்தியோடு போயும் விட்டான். அவன் போவதற்கு முன்பே, 2020 பிப்ரவரியில், சகோதரிகள் இருவரும் தபால் ஆபீசுக்குப் போனார்கள். புருஷன் அடித்துக் கேட்டாலும் ஒருத்தி தனியாக எடுத்துக் கொடுக்க முடியாதபடி ஒரு கணக்கு உண்டா என்று லிடியா கேட்டாள். கவுண்ட்டரில் இருந்த விஜயலட்சுமி, இரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் பணம் தருகிற கூட்டுக் கணக்கு ஒன்று உண்டு என்றாள். மாதம் நாலாயிரம். ஒரு மாதம் அக்கா கட்டுவது, அடுத்த மாதம் தங்கை கட்டுவது. ஐந்து வருஷத்தில் கைக்கு இரண்டு லட்சத்து எண்பத்தொன்பதாயிரம் வரும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். அதை வைத்து ஒரு மனை வாங்க வேண்டும். சொந்தப் பேரில் பட்டா இருந்தால்தான் அரசாங்கத்தில் வீடு கட்டப் பணம் கொடுப்பார்கள். வாடகை வீட்டில் இருக்கிறவளுக்கு அந்த மனு எழுதக்கூட வழியில்லை.

அதே வருஷம் ஊரடங்கு வந்தது. உப்பளத்தில் வேலை நின்றது, லிடியா வேலை பார்த்த விடுதியும் மூடிக்கிடந்தது. அப்போதும் தவணை விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டார்கள். கட்டிவந்தவரைக்கும் சண்டை இல்லை. சண்டை வந்தது, வாங்கலாம் என்கிற நிலை வந்தபோது.

2023 மார்ச்சில் கணக்குக்கு மூன்று வருஷம் முடிந்தது. மூன்று வருஷம் ஆகிவிட்டால் நடுவிலேயே முடித்து எடுத்துக்கொள்ளலாம், வட்டிதான் குறையும். லிடியா இடையஞ்சாவடியில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் துணி வெளுக்கும் வேலையில் இருந்தாள். அங்கே கீரையும் தேங்காயும் கொண்டுவந்து போடுகிறவர் குப்புசாமி. பெருமுக்கல் பக்கம் அவருக்கு இரண்டு சென்ட் மனை இருந்தது. ஒரு சென்ட் அறுபத்தைந்தாயிரம் சொன்னார். கணக்கை முடித்தால் பத்திரச் செலவுக்கும் சேர்த்து அப்படியே சரியாக இருக்கும். லிடியா ஓட்டமாக ஓடி வந்து அக்காவிடம் சொன்னாள்.

ஆரோக்கியசெல்வி வேண்டாம் என்றாள். பட்டா இன்னும் குப்புசாமியின் அப்பா பேரில் இருக்கிறது, ஏமாந்துபோனால் யார் பொறுப்பு, ஐந்து வருஷமும் முடியட்டும் என்றாள். லிடியா கெஞ்சிப் பார்த்தாள், கோபப்பட்டுப் பார்த்தாள். அக்காவின் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய்கூட வெளியே வராது. ஆறே மாதத்தில் பட்டா குப்புசாமி பேருக்கு மாறியது. விலை தொண்ணூறாயிரம் ஆனது. கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலப்படுத்தும் வேலை நெருங்க நெருங்க, வயல்களில் மஞ்சளும் சிவப்புமாகக் கொடிகள் நட்டு மனை விற்கிறவர்கள் வந்தார்கள். தொண்ணூறு ஒரு லட்சத்துப் பத்தாயிரமானது, அது ஒரு லட்சத்து முப்பதாயிரமானது. விலை தொண்ணூறைத் தொட்ட அன்றைக்கு லிடியா கடைசியாகப் பேசினாள்.

"உன் பயத்துக்கு நான் வாடகை கட்டினு இருக்கேன்க்கா."

அதற்குப் பிறகு அவள் மரக்காணம் பக்கம் வரவில்லை. மாதா கோயில் திருவிழாவுக்கும் வரவில்லை. ஆனால் தன் முறை வரும் மாதங்களில் போன் வழியாகவே தவணையைக் கட்டினாள். ஆரோக்கியசெல்விக்கு அது தெரிந்ததே பாஸ் புத்தகத்தில் அச்சடிக்கப்பட்ட வரிகளைப் பார்த்துத்தான். ஒவ்வொரு முறையும் இந்த மாதம் நிறுத்தியிருப்பாள் என்று பயந்துகொண்டே கவுண்ட்டரில் புத்தகத்தை நீட்டுவாள். வரி இருக்கும். புயலில் வாடகை வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறி, கோயில் மண்டபத்தில் ஆறு நாள் கிடந்த அந்த டிசம்பரிலும் தங்கையின் வரி இருந்தது. போன் மட்டும் வரவில்லை. வீட்டுக்காரர் சுவரைப் பூசிவிட்டு வாடகையில் எண்ணூறு ரூபாய் ஏற்றினார். அன்றைக்குத்தான் ஆரோக்கியசெல்வி தானே குப்புசாமியைத் தேடிப் போனாள். மனை இன்னும் விற்காமல் இருந்தது. இரண்டு சென்ட்டுக்கு இரண்டு லட்சத்து அறுபதாயிரம் என்று பேசி முடித்தாள். அந்தப் பேச்சுக்குத்தான் இப்போது வெள்ளிக்கிழமை கெடு.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகாமல் இடையஞ்சாவடிக்கு பஸ் ஏறினாள். விடுதியின் பின்பக்கம் கொடிக்கயிறுகளில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் வரிசையாகத் தொங்கின. லிடியா ஒரு விரிப்பை உதறிக்கொண்டே அக்காவைப் பார்த்தாள். உதறுவதை நிறுத்தவில்லை. ஆரோக்கியசெல்வி நின்றபடியே விஷயத்தைச் சொல்லி முடித்தாள். கணக்கு முதிர்ந்தது, மனை விலை, கெடு, எல்லாம்.

"கையெழுத்து போடுறேன்," என்றாள் லிடியா. "ஆனா பாதிப் பணம் எனக்கு வந்துடணும். எனக்கு மனை வேணாம்."

இடையஞ்சாவடியிலேயே ஒரு வீட்டை லீசுக்குப் பேசிவைத்திருந்தாள். ஒன்றரை லட்சம் கொடுத்தால் மூன்று வருஷம் வாடகை இல்லை. பத்தாயிரம் முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. மகள் பத்தாவது முடிக்கிறவரை அங்கேயே இருந்துவிடுவாள். அக்காவை நம்பி இனி எதற்கும் காத்திருக்க முடியாது என்பதை அவள் கத்திச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் ஆரோக்கியசெல்வியை நெருக்கியது. பாதிப் பணத்தில் ஒரு சென்ட்தான் வரும், குப்புசாமி பிரித்துத் தரமாட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தாள்.

புதன்கிழமை தபால் ஆபீஸ் கவுண்ட்டர் மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் லிடியா வந்து சேர்ந்தாள். விஜயலட்சுமி படிவத்தை நீட்டி, பணம் இருவர் பேரிலும் உள்ள சேமிப்புக் கணக்கில் விழட்டுமா, இல்லை ஆளுக்குப் பாதியா என்று கேட்டாள். லிடியா படிவத்தை அக்கா பக்கம் தள்ளினாள். கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள் என்று விஜயலட்சுமி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இருவரும் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். லிடியா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னிக்கு நெஜமா பட்டாவுக்காகத்தான் வேணாம்னியா?"

ஆரோக்கியசெல்வி இந்தக் கேள்விக்கு இரண்டு வருஷமாகத் தனக்குள்ளேயே ஒரு பதிலைச் சொல்லிப் பழகியிருந்தாள். பட்டா என்பதுதான் அந்தப் பதில். அது வாய்க்கு வரவில்லை.

"இல்லடி. பட்டா ஒரு சாக்கு. உங்க மாமா போனப்புறம் என் பேர்ல காசுன்னு இருந்தது அந்தப் புத்தகம் ஒண்ணுதான். அதைக் குடுத்துட்டா என் கையில ஒண்ணுமே இருக்காதுன்னு தோணிச்சு. மனையை நெனச்சா எனக்கு சந்தோஷமே வரல, பயம்தான் வந்துச்சு. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"அதைச் சொல்றதுக்கு ரெண்டு வருஷமா?"

"ஆமாம்."

லிடியா எழுந்து உள்ளே போனாள். மன்னித்தாளா இல்லையா என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பணம் முழுவதும் கூட்டுக் கணக்கிலேயே விழட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து, வெள்ளிக்கிழமைவரை பொறுத்துப் பார்ப்பதாகவும், பத்திரம் ஆகாவிட்டால் சனிக்கிழமையே தன் பாதியைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை முகூர்த்த நாள். பதிவு அலுவலகத்தில் உட்கார இடமில்லை. அவர்களுக்குப் பதினொன்றே முக்காலுக்கு டோக்கன். பத்திரம் எழுதும் தமிழரசன், முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமுமாக இருபத்தெட்டாயிரத்துச் சொச்சத்தை முன்னாலேயே கட்டிவைத்திருந்தார். குப்புசாமி பதினொன்றரைக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. தமிழரசனைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினார். தமிழரசன் திரும்பி வந்து சங்கடத்தோடு சொன்னார், பாண்டிச்சேரிக்காரர்கள் சென்ட்டுக்கு ஒன்றரை லட்சம் தருகிறார்களாம். சென்ட்டுக்கு இருபதாயிரம் ஏற்றிக் கொடுத்தால் இப்போதே கையெழுத்து, இல்லாவிட்டால் அவர் கிளம்புகிறார்.

லிடியாவின் முகம் சிவந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வாக்கா, போலாம். இதுக்குத்தான் சொன்னேன்," என்றாள். நாற்பதாயிரத்துக்கு எங்கே போவது? கணக்கில் இருந்தது மனைக்கும் பத்திரத்துக்கும் சேர்த்து எண்ணிவைத்த பணம்.

ஆரோக்கியசெல்வி எழுந்திருக்கவில்லை. பதினைந்து வருஷமாக உப்புக் குவியலைப் பார்த்ததுமே இத்தனை மூட்டை தேறும் என்று சொல்கிறவள் அவள். மனசுக்குள் வேகமாகக் கணக்குப் போட்டாள். பிறகு குப்புசாமியை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க விலைக்கே வர்றேங்க. அதே ரெண்டு அறுபதுக்கு ஒண்ணே முக்கால் சென்ட் குடுங்க. கால் சென்ட்டை உங்க மாட்டுக் கொட்டா பக்கம் விட்டுட்டு அளந்துக்கங்க."

குப்புசாமி இதை எதிர்பார்க்கவில்லை. கால் சென்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார். கொட்டகைக்குப் போக வழியில்லாமல் சுற்றித்தானே போகிறீர்கள் என்றாள் அவள். அவர் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். பாண்டிச்சேரிக்காரர்கள் வருவதாகச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது, முன்பணம் எதுவும் தரவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். தமிழரசன் இடையில் புகுந்து, தொகை மாறாததால் கட்டிய கட்டணம் வீணாகாது, அளவையும் எல்லையையும் மட்டும் திருத்த வேண்டும், டோக்கன் தாண்டிப்போனாலும் கடைசியில் கேட்டுப் பார்க்கலாம் என்றார்.

"ஒண்ணே முக்கால்ல எப்படிக்கா?" என்றாள் லிடியா. இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு வந்துடும். அப்புறம் மேல ஏத்திக்கலாம். நீ வந்தாதான். வரலன்னா வேணாம், இப்பவே எழுந்துக்கறேன்."

லிடியா பையைக் கீழே வைத்தாள்.

திருத்தி எழுதி, திரும்பப் பதிவேற்றி, அதிகாரியிடம் கெஞ்சி, உள்ளே போனபோது மூன்றரை ஆகிவிட்டது. குப்புசாமியின் கைரேகை விழுந்தது, லிடியாவுடையது விழுந்தது. ஆரோக்கியசெல்வியின் விரலை இயந்திரம் ஏற்கவில்லை. உப்பிலும் உப்புநீரிலும் கிடந்து தேய்ந்த விரல்கள். வலது கையில் ஐந்து விரலும் பதியவில்லை. மேசைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். குப்புசாமி, இன்றைக்கு ஆகாவிட்டால் என்மேல் குறை சொல்லக்கூடாது என்று ஆரம்பித்தார். திங்கட்கிழமை அவர் என்ன விலை சொல்வாரோ? ஆரோக்கியசெல்வி முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

லிடியா அக்காவின் இடது கையைப் பிடித்து இழுத்தாள். காலையில் எண்ணெய் வைத்துப் பின்னிய தன் தலையில் அந்த விரல்களை அழுத்தித் தேய்த்தாள், ஒவ்வொன்றாக. தேய்த்த கையைத் தானே கொண்டுபோய் இயந்திரத்தின்மேல் வைத்து அழுத்திப் பிடித்தாள். மோதிர விரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

வெளியே வந்தபின் இருவரும் டீக்கடையில் நின்று டீ குடித்தார்கள். பாதி டீயில் லிடியா, லீசுக்குக் கொடுத்த முன்பணம் பத்தாயிரம் இனி திரும்பாது என்றாள். ஆரோக்கியசெல்வி அதைத் தான் தருவதாகச் சொன்னாள். தரத்தான் வேண்டும் என்றாள் லிடியா.

பட்டா பிரிந்து இருவர் பேருக்கும் வர நான்கு மாதம் ஆனது. அரசாங்க வீட்டுக்கு மனு கொடுத்தார்கள். இரண்டாவது பட்டியலில் பெயர் வந்தது. அதற்குள் அடுத்த தெருவில் சென்ட் ஒரு லட்சத்து எண்பதைத் தாண்டியது. அறுபத்தைந்தாயிரத்தை லிடியா மறக்கவில்லை. கோபம் வந்தால் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள், ஆரோக்கியசெல்வியும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்கிறாள். சமையலறை எந்தப் பக்கம் என்பதில் மூன்று வாரம் சண்டை நடந்தது.

இப்போது அடித்தளம் எழும்பியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆரோக்கியசெல்வி பெருமுக்கல் பஸ் பிடிக்கிறாள். அதற்கு முன்பே லிடியாவும் மகளும் இடையஞ்சாவடியிலிருந்து வந்து, பக்கத்து வீட்டில் ஹோஸ் பைப் வாங்கி, புது சிமெண்ட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். குப்புசாமியின் மாடு அந்தக் கால் சென்ட் வழியாகக் கொட்டகைக்குப் போகிறது.