முதுகில் இரண்டு பேட்ச்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், கரமனையில் எங்கள் அக்ரஹாரத்து வீட்டில் நடந்தது இது. என் கணவருக்கு வருஷக்கணக்காக முதுகுத்தண்டில் தீராத வலி. மாத்திரை எதற்கும் கேட்காமல் போகவே, தோலில் ஒட்டும் பேட்ச் ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்தார். மூன்று நாளைக்கு ஒன்று. பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியதை ஒட்ட வேண்டும்.

அன்று நான் புதியதை ஒட்டினேன், பழையதை எடுக்க மறந்துவிட்டேன். போதாக்குறைக்கு, ஒத்தடம் நல்லதாயிற்றே என்று முதுகுக்கு வெந்நீர்ப் பை வேறு வைத்தேன். சூடு பட்டால் மருந்து வேகமாக உடம்பில் இறங்கும் என்று யார் கண்டார்கள்!

மூன்று மணிக் காப்பியோடு போய் எழுப்பினேன். எவ்வளவு உலுக்கியும் அசைவில்லை. கரகரவென்று ஒரு குறட்டை, பிறகு வெகுநேரம் மூச்சே இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. பயத்தில் ஜன்னலைத் திறந்து கத்தினேன். பிறகு அவர் வாயில் புகட்ட டம்ளரை எடுத்தேன். எங்கள் வீட்டில் தலைவலி முதல் மயக்கம் வரை எல்லாவற்றுக்கும் காப்பிதான் மருந்து!

பக்கத்து மாடியில் குடியிருக்கும் மலையாளப் பெண், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ். அவள் மீன் வறுக்கும்போதெல்லாம் அந்த ஜன்னலை நான் அறைந்து சாத்துவது அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"ஐயோ மாமி, காப்பி வேண்டா! மூச்சுக்குழல்ல போயிடும் கேட்டோ. ஆம்புலன்ஸை விளிங்கோ!"

சட்டையைத் தூக்கிப் பார்த்தால் முதுகில் இரண்டு பேட்ச்; இரண்டின் மருந்தும் சேர்ந்துதான் மூச்சை அடக்கியிருக்கிறது. எனக்கு மானமே போயிற்று. இரண்டையும் உரித்து, வெந்நீர்ப் பையைத் தள்ளிவிட்டு, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். வண்டி வரும்வரை, "மாமா, ஸ்வாசம் எடுங்கோ" என்று தட்டித் தட்டி, ஒவ்வொரு மூச்சாகக் கவனித்துக்கொண்டிருந்தாள். மருந்து அட்டையையும் மறக்காமல் எடுத்து வரச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் அந்த மருந்தை முறிக்கும் மாற்று ஊசி போட்டதும் கண் திறந்தார். திறந்தவர், "காப்பி ஆறிடுத்தாடி?" என்றாரே பார்க்கலாம்! அழுகையும் சிரிப்புமாக, கூடவே வந்திருந்த அவளைக் கட்டிக்கொண்டேன். ஊசியின் வேகம் குறைந்தால் மறுபடி மயங்கக்கூடும் என்று இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

இப்போதெல்லாம் பேட்ச் மாற்றும் நாளைக் காலண்டரில் வட்டமிடுகிறேன். பழையதை உரித்து அவரிடம் காட்டிய பிறகுதான் புதியது. மீன் வாசனை எனக்கு இன்றும் ஆகாது. ஆனால் அந்த ஜன்னலை மட்டும் சாத்துவதில்லை. நான் கூப்பிட்டால் அவளுக்குக் கேட்க வேண்டும், அவள் கூப்பிட்டால் எனக்கும்.