அத்தாயியின் களம்

"ஏனுங்க, இது யாரு காருங்க?" என்று லாட்ஜ் ஜன்னல்களைப் பார்த்து அத்தாயி கூவும்போது ஏற்காட்டில் பனி விலகியிருக்காது. கையில் விளக்குமாறு. கூட்டுவதற்குத்தான் இடமில்லை, எங்கு பார்த்தாலும் கார்கள். ஒவ்வொரு டயரையும் விளக்குமாற்றால் ஒரு தட்டு தட்டிவிட்டு நகர்கிறார்.

லாட்ஜுக்கு அது பார்க்கிங், அத்தாயிக்குக் களம். டவுனுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பழைய மலைக் கிராமத்தில் அவர் வீடும் ஒன்று. அந்த ஊரார் கேழ்வரகு அடித்த மண் களத்தின்மேல் வெள்ளைக்காரத் துரை காப்பி காயப்போடச் சிமெண்டு பூசினான். அவன் போனபின் யாரோ பஸ் ஷெட் போட்டார்கள். ஷெட்டைப் பிடுங்கிவிட்டு லாட்ஜ்காரர்கள் வண்ணக் கல் பதித்தார்கள். யார் எதைப் போட்டாலும் அறுவடைக்குக் களத்தை ஊருக்கு விட்டுவிட வேண்டும் என்பது பேச்சு. துரைகூட விட்டானாம். இப்போது ஒரு நாள் கேட்டு வாங்குவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. அறுவடையும் கிறிஸ்துமஸ் லீவுக் கூட்டமும் ஒன்றாக வந்து தொலைகின்றன.

ஏரிக்கு வழி கேட்பவர்களிடம், "பலாமரத்துல திரும்புங்க" என்பார். அந்த மரம் இருந்த இடத்தில் இப்போது ஏடிஎம். மரமே இல்லையே என்று திரும்பி வந்து கேட்டால் கோபம் வந்துவிடும். "மரம் இல்லாட்டி என்னங்க, திரும்பற எடம் அதானுங்க!"

இந்த முறை வானம் வேறு மூடிக்கொண்டது. அறுத்த கதிர் வீட்டுக்குள் புழுங்கிக் கிடந்தது. இன்றைக்கு அடிக்காவிட்டால் முளைத்துவிடும். அடித்ததில் முதல் படி சேர்வராயன் கோயிலுக்குப் போகாமல் வீட்டில் புதுக் களி கிண்டவும் முடியாது.

"லீவு நாளுங்க்கா. தார் ரோட்டுல போட்டு அடிச்சுக்கங்களேன்" என்றார் லாட்ஜ் மேனேஜர் விஜயகுமார்.

"சாமிக்குத் தார் ரோட்டுல அடிச்சதக் குடுக்கறதா? நல்லாருக்குதுங்க உங்க நாயம்!"

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு அறை அறையாகக் கதவைத் தட்டினார். ஒவ்வொரு காராக வெளியே போயிற்று. நடுவில் நின்ற வெள்ளைக் காரின் சென்னைக்காரர் மட்டும் அசையவில்லை. "வெளியே நிறுத்த இடமே இல்லையேம்மா, நான் எங்கே கொண்டுபோறது?"

அத்தாயி பல்லைக் கடித்தார். வானத்தைப் பார்த்தார். கம்பால் அடித்து முடிக்க நேரமில்லை, பிணையல் கட்டிக் கதிரை மிதிக்கவிட மாடும் இல்லை. மருமகள் புவனாவும் அவருமாகக் கதிர்க்கட்டுகளைத் தூக்கிவந்து காரைச் சுற்றிப் பரப்பினார்கள்.

"எங்கீம் போக வேண்டாமுங்க. இதுமேல சுத்துங்க. செருப்பக் கழட்டிப்போட்டு ஏறுங்க சாமி, களமுங்க இது."

சென்னைக்காரர் பின்சீட்டிலிருந்த மனைவியைப் பார்த்தார். அந்தம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். செருப்பு வெளியே போயிற்று. கார் சுற்றத் தொடங்கியது. "மெதுவாங்க!" என்று வழி நெடுகத் திட்டியபடி, விளக்குமாற்றோடு அத்தாயி கூடவே நடந்தார்.

தூறல் விழுவதற்குள் தானியம் சாக்கில் ஏறிவிட்டது. சாமியின் படி தனியாக முந்தானையில் இருந்தது. அத்தாயி குனிந்து ஒரு கைப்பிடி மணி உதிர்ந்த தாளை அள்ளி, பிணையல் மாட்டுக்கு நீட்டுகிற பழக்கத்தில் காரின் மூக்குக்கு நேரே நீட்டினார். கை அப்படியே நின்றது. "அட ச்சீ" என்று முணுமுணுத்துவிட்டு, தாளைக் கீழே போட மனமில்லாமல், முன்கண்ணாடி வைப்பருக்கு அடியில் பத்திரமாகச் செருகினார்.