கோரிப்பாளையத்தில் ஓர் இருட்டறை

பயணப் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தே பிழைத்தவன் நான். மலை, வயல், திருவிழா என்று ஊர் ஊராகத் திரியக் கிடைத்த வாழ்க்கைக்கு யாருக்காவது நன்றி சொல்ல வேண்டுமென்றால், முதலில் கோரிப்பாளையத்தில் ஒரு வீட்டுக்குத்தான் சொல்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரைத் திருவிழா. எனக்குக் கிடைத்த முதல் வேலை. அழகர் ஆற்றில் இறங்கும் படம் சொதப்பினால் அந்தப் பத்திரிகை மறுபடி கூப்பிடாது. மாமாவின் இரும்புக்கடையில் எனக்கென்று ஒரு நாற்காலியை ஏற்கெனவே துடைத்து வைத்திருந்தார்கள்.

விடிகாலையில் அழகர் வைகையில் இறங்கினார். குதிரை வாகனம் லேசாகச் சாய்ந்த அந்த நொடியை எடுத்துவிட்டேன். அதோடு கிளம்பியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? நேர்த்திக்கடனாகச் சாமி மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களையும் எடுக்கலாமென்று வெயிலேறிய பிறகு கூட்டத்துக்குள் புகுந்தேன். தலையில் உருமா கட்டிய ஒருவர் தோல்பையை அமுக்கி, சாமிக்குப் பீய்ச்சியதில் எனக்கும் ஒரு பங்கு கொடுத்தார். கேமரா தொப்பலாக நனைந்துவிட்டது.

"யோவ், கண்ணு தெரியலையா?" என்று கத்தினேன்.

"சாமி தண்ணிண்ணே. மேல பட்டா நல்லதுதானே?" என்றார் அவர் பாவமாக.

பிலிமைத் திருப்பிச் சுருட்டும் கைப்பிடி அசையவில்லை. ஈரத்தில் பிலிம் ஒட்டிப் பாழாவதற்குள் கையால் உருவியாக வேண்டும்; வெளிச்சத்தில் கேமராவைத் திறந்தால் எல்லாப் படமும் போச்சு. ஊரே வெயிலில் வேகிற நேரத்தில் கும்மிருட்டுக்கு எங்கே போவது? எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்த அந்த மனிதர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

"வாங்கண்ணே. வருசா வருசம் நாங்க துணிமணி வச்சுட்டுப் போற பாய் வீடு பக்கத்துலதான் இருக்கு."

அந்த வீட்டு அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் தயங்கினார். ஜன்னல் இல்லாத அறை அங்கே ஒன்றே ஒன்றுதான். அதில் அவருடைய மகள், பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியாத பச்சை உடம்போடு, கைக்குழந்தையுடன் படுத்திருந்தாள். வெளி ஆள் எட்டிப் பார்க்கவும் கூடாத அறை. "வேண்டாம்மா, நான் வாரேன்" என்று திரும்பினேன்.

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. "அம்மா, புள்ளய வாங்கிக்கங்க. நான் செத்த நேரம் அடுப்படியில இருந்துக்கிறேன்."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி அவள் மெல்ல நடந்து போனாள். அந்தச் சித்திரை வெக்கையில், எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எனக்குக் கூசிப்போயிற்று.

உருவுகிற பிலிமைப் போட்டு மூட ஏதாவது வேண்டுமென்றேன். அந்த அம்மா எவர்சில்வர் சம்படத்தில் இருந்த சீனியைக் கொட்டிவிட்டு, துடைத்துக் கொடுத்தார். கதவிடுக்கில் போர்வையைத் திணித்தார்கள். தண்ணீர் பீய்ச்சியவர் வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டார். சாம்பிராணி வாசமடித்த இருட்டில் பிலிமை உருவிச் சம்படத்தில் வைத்து அழுத்தி மூடினேன்.

வெளியே வந்ததும் அந்த அம்மா சம்படத்தை வாங்கிக் கறுப்புத் துணியில் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டார். கும்பிட்டேன்.

"இதுக்குள்ளதான் அழகரு இருக்காராப்பா?"

"ஆமாம்மா."

"அப்ப வெளிச்சம் படாமக் கொண்டு போயிச் சேத்துரு. மலையிலருந்து அம்புட்டுத் தூரம் வந்துருக்காரு."