டீசல் குழாய்க்குள் அரை வாத்து

1. எட்டு சென்டிமீட்டர்

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆர்டர் கொடுத்துச் சரக்கு வாங்கும் பையரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. கைக்குழந்தைகள் போடும், பாதம்வரை மூடிய உடுப்பு. மஞ்சள் துணியில் வாத்துப் படம். இடது பாதத்தை உள்புறமாகத் திருப்பி, அங்கே தொங்கிய ஒரு நூலுக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். நூல் எட்டு சென்டிமீட்டர் இருந்தது.

இது ஏன் பெரிய விஷயம் என்று புதிதாக வந்திருக்கும் செக்கர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உடுப்பின் பாதத்துக்குள் கிடக்கும் நூல் குழந்தையின் கால்விரலில் சுற்றிக்கொண்டால் விரலுக்கு ரத்தம் போகாது. குழந்தை அழும். எதற்கு அழுகிறது என்று பெற்றவளுக்குத் தெரியாது. ஆகவே பையர் கோபப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கோபத்தை வாங்கி நாங்கள் யார் தலையில் இறக்கினோம் என்பதைத்தான் எழுத வந்தேன்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் முப்பத்தோரு வருஷம் குவாலிட்டி பார்த்தவன் நான். செக்கராகச் சேர்ந்து மேனேஜராக ஓய்வு பெற்றேன். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையின் சட்டையைத் திருப்பித் தையலைப் பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவேன் என்று தையல்காரர்கள் என்னைக் கேலி செய்வார்கள். ரொம்ப நாள் அதைப் பாராட்டு என்றே நினைத்திருந்தேன்.

பண்டில் நம்பரை வைத்துத் தேடியதில், அந்தப் பீஸில் தையலுக்குப் பின் மிஞ்சித் தொங்கும் பிசிறு நூலை வெட்டியவர் ஜெபமணி என்று தெரிந்தது. நாசரேத் பக்கத்திலிருந்து வந்தவர். பிளஸ் டூ படிக்கும் மகளோடு கம்பெனி குவார்ட்டர்ஸில் ஓர் அறையில் இருந்தார். வேலை போனால் அறையும் போகும். மகளுக்குப் பரீட்சை தொடங்க மூன்று வாரம் இருந்தது.

பையர் ஒரு படிவம் அனுப்பியிருந்தார். என்ன தவறு, ஏன் நடந்தது, காரணமானவர் யார், என்ன நடவடிக்கை என்று நான்கு கட்டங்கள். நான் பத்து நிமிஷத்தில் நிரப்பினேன். தொழிலாளியின் கவனக்குறைவு, ஜெபமணி, பணியிலிருந்து நீக்கப்பட்டார். அனுப்புவதற்கு முன் முதலாளிக்கு போன் செய்தேன்.

"ஏனுங்க மேனேஜரு, திங்கக்கெழம காலைல அந்தம்மாள ஹெட் ஆபீசுக்குக் கூட்டியாங்க. ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு அனுப்பிச்சரலாம். கேக்காம அனுப்புனா பாவமுங்க" என்றார்.

கேட்டுவிட்டு அனுப்பினால் பாவம் இல்லை என்பது எங்கள் கம்பெனியின் எழுதாத பாலிசி.

படிவத்தில் நான் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. பிசிறு வெட்டிய பீஸ்கள் எல்லாம் கடைசியில் நூல் உறிஞ்சும் மெஷினுக்குள் போய் வர வேண்டும். கத்தரியில் தப்பிய நூலை அது இழுத்துக்கொள்ளும். அந்த மெஷின் இரண்டு வாரமாக ஓடவில்லை. ஆனால் தினமும் நிரப்பும் ஷீட்டில் 'நன்றாக இயங்குகிறது' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தது நான்தான். பத்து ஷீட்டை டீ வரும் நேரத்தில் மொத்தமாக வைத்துப் போடுவேன். அதைப் பொய் என்று நான் நினைத்ததே இல்லை.

2. பதினாறு வரி செக்லிஸ்ட்

ஜெபமணியை அழைத்துப் போக வேண்டிய என் டீசல் காரில் ஃபியூயல் ஃபில்டர் விளக்கு நான்கு நாளாக எரிந்துகொண்டிருந்தது. சர்வீஸ் சென்டரில் புதன்கிழமை வரச் சொன்னார்கள். நான் ஃபில்டரைக் கடையில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். யூடியூபில் ஒருவர் பன்னிரண்டு நிமிஷத்தில் மாற்றிக் காட்டினார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சட்டை கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது.

என் மனைவி சரஸ்வதி காபி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"எதுக்குங்க ஊட்டு முன்னால இந்த வேல? மெக்கானிக்கு கதிர்வேலக் கூப்புட்டா வந்து மாத்திக் குடுத்துட்டுப் போறான்."

"அவன் மாத்துனா நான்தான செக் பண்ணோணும்? அதுக்கு நானே மாத்திரலாம்."

வேலையைத் தொடங்குவதற்கு முன் செக்லிஸ்ட் தயார் செய்தேன். பதினாறு வரி. ஒவ்வொரு வரிக்கும் 'செய்தவர்', 'சரிபார்த்தவர்' என்று இரண்டு கட்டம். கழற்றும் போல்ட்டுகள் மாறிவிடக் கூடாது என்று கம்பெனி சைஸ் ஸ்டிக்கரை ஒட்டினேன். எஸ், எம், எல், ஒரே ஒரு எக்ஸ்எல். தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பேட்டரி ஒயரைக் கழற்றினேன். பழைய ஃபில்டரில் இருந்த டீசலைப் பெயிண்ட் டப்பாவில் வடித்தேன். ஃபில்டரில் இரண்டு குழாய்கள். ஒன்று டேங்கிலிருந்து வருவது, மற்றது பம்ப்புக்குப் போவது. இரண்டையும் உருவியபோது டேங்க் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் பனியன் வேஸ்ட்டை எடுத்தேன். கட்டிங் டேபிளில் மிஞ்சும் துண்டுத் துணி அது. எங்கள் ஊரில் அது இல்லாத வீடு கிடையாது. அடுப்பு துடைக்க, வண்டி துடைக்க, குழந்தைக்கு மூக்கு துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு துண்டை எடுத்துத் திரியாகத் திரித்து, சொட்டும் குழாயின் வாயில் அடைத்தேன். மஞ்சள் துணி, வாத்துப் படம். அதே ஆர்டரின் வேஸ்ட்.

அது சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பனியன் துணி. வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும், இழுத்தால் பிய்ந்து பாதி பாதியாக வரும். சேர்ந்த புதிதில் ஒவ்வொரு செக்கருக்கும் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. புது ஃபில்டரை மாட்டிய பிறகு திரியைப் பிடித்து இழுத்தேன். வந்தது. முழுசாக வந்ததா என்று பார்க்காமல் கீழே போட்டுவிட்டுக் குழாயைச் சொருகினேன்.

மிச்ச வேலை சுத்தமாக நடந்தது. குழாயில் டீசலை ஏற்றும் ரப்பர் பல்பு இறுகும்வரை அதைக் கையால் அமுக்கி பம்ப் அடித்தேன், சாவியை மூன்று தடவை ஆன் செய்து ஆஃப் செய்தேன், இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. செக்லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"எங்கீங்க போடோணும்?"

"இங்க, சரிபார்த்தவர்ங்கற எடத்துல."

"நான் ஒண்ணையும் பாக்கலீங்களே?"

"பரவால்ல, போடு."

மாவுக் கையோடு பதினாறு இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எந்த ஆடிட்டருக்கும் தைரியமாகக் காட்டக்கூடிய பேப்பர்.

3. பூண்டி தாண்டி

திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்கு யூனிட்டிலிருந்து கிளம்பினோம். ஹெட் ஆபீஸ் அவிநாசியில். ஜெபமணி பின்சீட்டில் ஒரு சின்னப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படிவம் இருந்த ஃபைல் என் பக்கத்து சீட்டில் கிடந்தது.

கொஞ்ச தூரம் போனதும் ஜெபமணி கேட்டார்.

"சார், எம் மவளுக்குப் பரிச்சை முடியுத வரைக்குமாவது அந்த ரூம்ல இருக்க விடுவாவளா?"

"அது என் கையில இல்லம்மா."

சொல்லிவிட்டுக் கண்ணாடியில் அவரைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தேன்.

பூண்டியைத் தாண்டியதும் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கொஞ்ச நேரம் விட்டுச் சாவியைத் திருப்பினால் ஒழுங்காகப் பிடித்தது. ஒரு கிலோமீட்டர் போனதும் மறுபடி நின்றது. மூன்றாம் தடவை நின்றபோது கதிர்வேலுக்கு போன் போட்டேன். பத்து நிமிஷத்தில் பைக்கில் வந்து பானட்டைத் திறந்தான்.

"கடைசியா இதுல யாருங்க சார் கை வெச்சது?"

"ஃபில்டர் மாத்துனாங்கப்பா. நேத்து."

"யாரு மாத்துனது? எந்தக் கடைங்க?"

"கொஞ்சம் புது ஆளு."

"போல்ட்டுக்கெல்லாம் எஸ்ஸு, எம்மு, எக்ஸ்எல்லுன்னு சீட்டு ஒட்டி வெச்சிருக்கறானுங்க. அவன எல்லாம் ஸ்பேனரத் தொட உடக்கூடாதுங்க சார்."

ஆமாம் என்றேன்.

சென்சார் ஒயரைப் பார்த்தான். பல்பை அமுக்கினான். அது உப்பாமல் சப்பிப்போய்க் கிடந்தது. "டேங்க்குல இருந்து டீசலே வரலீங்க" என்று டேங்க் குழாயை உருவி, வாயை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. இதற்குள் முதலாளி இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

ஜெபமணி இறங்கி வந்து என் பின்னால் நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, அந்தக் குழாய்க்குள்ள நூலு ஒண்ணு தெரியுது."

"எங்கம்மா? ஒண்ணுமில்லியே."

"உள்ளார. சொவரோட ஒட்டிக் கெடக்கு பாருங்க."

கதிர்வேலின் குறடு தடிமனாக இருந்தது, உள்ளே நுழையவில்லை. ஜெபமணி தன் பையிலிருந்து பிசிறு வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தார். இரண்டு முனையையும் உள்ளே விட்டு, நூலைக் கவ்வி, அவசரப்படாமல் இழுத்தார். நூலுக்குப் பின்னால் டீசலில் ஊறிய துணி வந்தது. விரலளவு மஞ்சள் துணி. பழக்கம் விடவில்லை, அதைக் காரின் ஓரத்தில் வைத்து நீவி விரித்தார். ஒரு வாத்தின் தலையும் அலகும் இருந்தன. உடம்பு என் வீட்டு வாசலில் கிடந்திருக்க வேண்டும்.

"ஏனுங்க சார், டீசல்ல வாத்து நீச்சலடிக்குதுங்களே!" என்று கதிர்வேல் சத்தமாகச் சிரித்தான். பிறகு விளக்கினான். இன்ஜின் ஓடும்போது துணி இழுபட்டு வந்து வழியை அடைத்திருக்கிறது. நின்றதும் இளகி நகர்ந்திருக்கிறது. அதனால்தான் கொஞ்ச தூரம் ஓடி ஓடி நின்றது.

"நல்ல நேரமுங்க சார், ஃபில்டருக்கு முன்னால மாட்டுச்சு. இந்தப் பிசிறு அந்தப் பக்கத்துக் குழாய்ல போயிருந்தா பம்பு, இன்ஜெக்டரு பூராம் போயிருக்குமுங்க."

ஜெபமணி துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம ஆர்டரு சார்" என்று மெதுவாகச் சொன்னார். சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அந்தப் புது ஆள் யார் என்பது கதிர்வேலுக்கு அப்போதுதான் புரிந்தது. ஜெபமணிக்கு முன்பே புரிந்திருந்தது.

(வீட்டில் ஃபில்டர் மாற்றுகிறவர்களுக்கு: குழாய் வாயில் துணியை அடைக்காதீர்கள். புது ஃபில்டரோடு வரும் பிளாஸ்டிக் மூடியைப் போடுங்கள். அது என் பாக்கெட்டிலேயே இருந்தது.)

4. முதலாளி அறை

ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னங்க மேனேஜரு, டைமுக்குப் பேர் போன ஆளு நீங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெபமணியிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா, வண்டிக்கு என்னாச்சு?"

"வழியில நின்னுட்டு சார். மெக்கானிக்கு அண்ணாச்சி வந்து சரி பண்ணுனாவ."

"என்ன கோளாறாம்?"

"எனக்கு என்னத்த தெரியும் சார். டீசல்ல ஏதோ தூசியாம்."

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த வாத்துத் தலையை மேஜைமேல் வைத்திருப்பேன். அவரிடம் அது இருந்தது, அந்தப் பைக்குள். துடைத்து மடித்து வைத்ததை நான் பார்த்தேன். நான் அவரைக் காட்டிக்கொடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது, அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வெட்கம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

முதலாளி போட்டோவை நகர்த்திவைத்தார். "இந்த நூலுக்கு என்னம்மா சொல்றீங்க?"

"பாதத்தத் திருப்பித்தான் சார் பாத்தேன். ஆனாலும் விட்டுட்டேன் போல. தப்புதான்."

மெஷினைப் பற்றி ஜெபமணி பேசவில்லை. அது ஓடவில்லை என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"மெஷின் ரெண்டு வாரமா ஓடலீங்க" என்றேன். "ஓடுதுன்னு கையெழுத்துப் போட்டது நானுங்க." நிறுத்தினால் பேச முடியாமல் போய்விடும் என்று பயந்து, ஃபில்டர், செக்லிஸ்ட், வாத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். இதோடு விட்டுவிடுவார் என்று எனக்கே நம்பிக்கை வருகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "சரீங்க, இப்ப பையருக்கு யாரு பேர எழுதறது? அவனுக்கு ஒரு பேரு வேணுமுங்களே?" என்றார்.

"என் பேர எழுதுங்க."

"உங்களத் தூக்கீட்டமுன்னு எழுத முடியாதுங்க. செக்கிங் யாரு பாக்கறது?"

"தூக்குனதா எழுத வேண்டாமுங்க. மெஷினச் சரி பண்ணியாச்சுன்னு எழுதலாம். சரி பண்ணீட்டு எழுதலாம்."

முதலாளி போட்டோவை எடுத்து ஃபைலுக்குள் வைத்தார். "சரி, பையர் ஏத்துக்கிட்டா அந்தம்மா இருக்கட்டும். ஏத்துக்கலீன்னா என்னையக் கேக்காதீங்க" என்றார்.

அன்று மத்தியானமே மெஷினைப் பிரித்தோம். பெல்ட் அறுந்திருந்தது. மாற்ற அரை மணி நேரம் ஆனது. பெல்ட்டின் போட்டோவோடு அனுப்பிய ரிப்போர்ட்டைப் பையர் ஒரே வரி மெயிலில் ஏற்றுக்கொண்டார். ஜெபமணியின் மகள் அந்த அறையிலிருந்தே பரீட்சை எழுதினாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். 'காரணமானவர்' என்ற கட்டத்துக்கு வந்ததும் முதலில் உங்கள் பெயரைப் பென்சிலால் எழுதிப் பாருங்கள். பொருந்தவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் அழித்துவிட்டு அடுத்தவர் பெயருக்குப் போங்கள். நான் இதை என் சர்வீஸில் ஒரு தடவைதான் செய்தேன். அதற்கு முன் அந்தக் கட்டத்தில் நான் பெயர் எழுதி வெளியே அனுப்பியவர்களை இப்போது வீட்டில் சும்மா இருக்கும்போது நினைத்துப் பார்க்கிறேன். பாதிப் பேருடைய முகம்கூட ஞாபகம் வரவில்லை.