அத்தை மறைத்த படம்

நடவு வயலிலிருந்து வரப்பில் ஏறியதும் அத்தை முதலில் செய்வது, முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்த சேலையை இறக்கிவிடுவதுதான். கையெல்லாம் சேறு அப்பியிருக்கும். வாய்க்கால் பக்கத்திலேயே ஓடும். ஆனாலும் கை கழுவுவது அதற்குப் பிறகுதான். இறக்கிவிட்ட சேலையில் சேற்று விரல்கள் அப்படியே பதிந்திருக்கும். “கழுவிட்டு இறக்குனா என்ன அத்தே, சேலை பாழாவுதுல்ல?” என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “ஆமா, நீதான் தொவைக்கப் போறே பாரு” என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். எத்தனையோ தரம் பார்த்த காட்சி. கண்ணில் பட்டதே தவிர மண்டையில் ஏறவில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் எல்லாருமே அடுத்தவர் வயலில் இறங்கிப் பிழைத்தவர்கள். நான் எப்படியோ படித்து, தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். அதிலும் அழகியல் என்றால் எனக்கு உயிர். ஒன்றை அழகு என்று எப்போது சொல்கிறோம், சொல்லும்போது நமக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். பசியோடு பார்க்கிறவனுக்கு மாம்பழம் தின்னும் பண்டம், விற்கிறவனுக்கு அது சரக்கு, இரண்டும் வேண்டாம் என்று சும்மா பார்க்கிறவனுக்குத்தான் அதன் மஞ்சள் தெரியும் என்பேன். ஆசையையும் தேவையையும் செருப்பு மாதிரி வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வா, அப்போதுதான் அழகு கண்ணுக்குத் தெரியும் என்பேன். பிள்ளைகள் மும்முரமாக எழுதிக்கொள்வார்கள். பார்க்கப்படும் மாம்பழத்துக்கு ஏதாவது சொல்ல இருக்குமா என்று அவர்களும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. மாம்பழம் என்ன சொல்லப் போகிறது!

வங்கியில் வேலை பார்த்த என் நண்பர் ஒருவருக்குப் புகைப்படப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். சம்பா நடவு நேரத்தில் ஒருநாள் அவரை எங்கள் ஊருக்கு நான்தான் அழைத்துப் போனேன். அத்தையும் இன்னும் சில பெண்களும் வயலில் நின்றிருந்தார்கள். நடவு நடுகிறவர்கள் குனிந்தபடி பின்னோக்கித்தான் நகர்வார்கள், நட்ட பயிரை மிதித்துவிடக் கூடாதில்லையா. அதனால் பின்பக்கத்து வரப்பில் நாங்கள் நின்றது அவர்களுக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கமாக முதுகு முதுகாக வந்துகொண்டிருந்தார்கள். முந்தின நாள் மழையில் வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. அந்த நீலம் முழுவதும் வயல் தண்ணீரில் கிடந்தது. நான் “அத்தே” என்று கூப்பிட வாயெடுத்தேன். நண்பர் உதட்டில் விரல் வைத்தார். கூப்பிட்டால் எல்லாரும் நிமிர்ந்துவிடுவார்கள், அந்த வரிசை கலைந்துவிடும். எனக்கும் அது புரிந்தது. புரிந்ததில் ஒரு பெருமிதம்கூட இருந்தது. அவர் எடுத்து முடிக்கும்வரை மூச்சுக் காட்டாமல் நின்றேன். பிறகு சந்தடியில்லாமல் திரும்பி வந்துவிட்டோம்.

அடுத்த வருஷம் தஞ்சாவூரில் அவருடைய படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். நடவுப் படம்தான் நடுச்சுவரில், ஆள் உயரத்துக்கு. அதன் அழகைப் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்கு. எனக்கு ஒரு யோசனை தோன்றியது, என்ன ஒரு மேதாவித்தனம் பாருங்கள்! அத்தையை வரவழைத்து, எதுவும் சொல்லாமல் படத்துக்கு முன்னால் நிறுத்தி, பேச்சின் முடிவில் “இந்தப் படத்தில் இருப்பவர் இதோ இருக்கிறார், என் அத்தை” என்று சபைக்குக் காட்ட வேண்டும். கைதட்டல் கூரையைப் பிளக்கும். அத்தை பூரித்துப்போவாள். அவள் மகளுக்கு அப்போதுதான் கல்யாணமாகி இருந்தது. மாப்பிள்ளை திருத்துறைப்பூண்டிக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனிதர். மாமியாரின் பெருமையை அவரும் பார்க்கட்டும் என்று அவர்களையும் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் மாமியார்கள் மாப்பிள்ளைக்கு முன்னால் நாற்காலியில் உட்காரக்கூடக் கூசுவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவேயில்லை.

அத்தை மகளோடு முன்னதாகவே வந்துவிட்டாள். நல்ல சேலை, தலை நிறையப் பூ. உள்ளே நுழைந்து ஒவ்வொரு படமாகச் சிரித்துக்கொண்டே பார்த்துவந்தவள் நடுச்சுவருக்கு முன்னால் நின்றாள். தன் முதுகை யாருக்கு அடையாளம் தெரியும்? அவள் சேலையைக் கண்டுபிடித்தாள். பச்சைச் சேலை, முழங்காலுக்கு மேல் செருகியது, குனிந்த இடுப்பு, சேறு வழியும் வெறுங்கால்கள், எல்லாம் சுவர் அளவுக்கு. மாப்பிள்ளை அப்போதுதான் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். அத்தை என்னைத் தேடவில்லை. திரும்பி, படத்துக்கு முதுகைக் கொடுத்து, தன் உருவம் இருந்த இடத்தை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

கூட்டம் சேர்ந்தது. மகள் வந்து கூப்பிட்டாள், நகரவில்லை. நான் மேடையிலிருந்து பார்க்கிறேன், படத்தின் இடதுபக்கம் முழுவதையும் யாரோ மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். முன்வரிசையில் ஒருவர், “அந்த அம்மாவைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க சார், முக்கியமான இடமே தெரியல” என்றார். நான் மைக்கில் சொன்னேன். “அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. எல்லாரும் பாக்கணும்ல.” நிற்பது யாரென்று தெரிந்தும் அத்தே என்று வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறவன் குரல்தான் வந்தது. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். தள்ளி நின்றாள். மாப்பிள்ளை படத்தைப் பார்த்தார், அதன் பக்கத்தில் நின்ற மாமியாரைப் பார்த்தார், அதே பச்சைச் சேலையை அவரும் வீட்டில் பார்த்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார். நான் மட்டும் முதுகுகளின் வளைவைப் பற்றியும் தண்ணீரில் விழுந்த வானத்தைப் பற்றியும் அருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சின் முடிவில் அத்தையைத் தேடினால் ஆள் இல்லை.

பேருந்து நிலையத்தில் கண்டுபிடித்தேன். மகளையும் மாப்பிள்ளையையும் முதலில் அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தே, அதில் அசிங்கம் ஒன்றும் இல்லை, பெரிய பெரிய ஆட்களெல்லாம் கும்பிட்டுப் பார்த்தார்கள் என்று என்னென்னவோ உளறினேன். அதில் பொய்யும் இல்லை. அங்கே வந்த யாரும் தப்பான கண்ணோடு பார்க்கவில்லை என்று சத்தியமே செய்வேன். அத்தை மடியிலிருந்த பூவைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், “ஒரு குரல் குடுத்திருந்தா நிமிந்து நின்னிருப்பேன்ல தம்பி” என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பார்க்கிறவன் எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஆயுள் முழுவதும் பேசினேன். அவன் மனசு சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். பார்க்கப்படுகிறவள் எதை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வருவாள்? மானத்தையா? அதற்குப் பிறகும் அழகியல் வகுப்பை எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். மாம்பழத்தை மட்டும் விட்டுவிட்டேன். நண்பரிடம் கேட்டு அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கச் சொன்னேன், அவரும் இறக்கினார். ஆனால் அது ஏற்கெனவே கைமாறி, காலண்டரில் வந்து, பொங்கல் வாழ்த்தாகி, முன்பின் தெரியாதவர்களெல்லாம் எனக்கே வாட்ஸப்பில் அனுப்பும் அளவுக்கு ஊர்சுற்றிவிட்டது. அத்தை என்னோடு பேசாமல் இல்லை. போனால் சோறு போடுவாள், பிள்ளைகளை விசாரிப்பாள். கேமராவைக் கண்டால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள். பேத்தியின் சடங்கில் எல்லாரும் சேர்ந்து நின்று படம் எடுத்தபோதும் அடுப்படியை விட்டு வரவில்லை. “எங்க அம்மாவுக்கு கேமரான்னாலே அலர்ஜி” என்று மகள் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

போன கார்த்திகையில் அத்தை போய்ச் சேர்ந்தாள். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க, நீடாமங்கலத்துக் கடைக்கு அத்தை மகளும் நானும் போனோம். தேடித் தேடி வீட்டில் கிடைத்தது ஆதார் அட்டை ஒன்றுதான். அதில் இருந்த முகத்தைக் கடைக்காரர் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார். கட்டம் கட்டமாக உடைந்து, யாரோ மாதிரி ஆகிவிட்டது. “வேற நல்ல படம் ஒண்ணு குடுங்கக்கா, சூப்பரா பண்ணிடலாம்” என்றார்.

“ஒரே ஒரு படம் இருக்குங்க. ஊரு பூரா பாத்திருக்கு” என்றாள் அவள். “அதுல எங்க அம்மா மூஞ்சி இல்ல.”

எனக்கு அந்தக் கடையிலேயே செத்துப்போகலாம் போல் இருந்தது. ஆதார் படத்தையே போடச் சொல்லிவிட்டு வெளியே வந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. “மச்சான், உங்க போன்ல அது இன்னும் இருக்கா?” என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். “அழிச்சிடுங்க. அம்மா ரொம்ப நாளா உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சிருந்துச்சு. கேக்கக் கூச்சம்.”

சரி என்றேன். அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறைதான். இன்னும் அழிக்கவில்லை. நேற்றுகூடத் திறந்து பார்த்தேன். சொல்லவே நாக்குக் கூசுகிறது, அழகாகத்தான் இருக்கிறது.